அலோயிஸின் வாளுக்குக் குமிழ் இல்லை

சுற்றியிருந்த பழைய படுக்கை விரிப்பைப் பிரித்து, அலகைப் பிடித்துத் தூக்கியதும் வாளின் மரக் கைப்பிடி கழன்று தரையில் விழுந்து, உருண்டு, குளிர்பெட்டிக்கு அடியில் போய் மறைந்தது. அதன் பின்னாலேயே குறுக்குக் கம்பியும் நழுவி, மேஜைமேல் ஆறிக்கொண்டிருந்த சூப் தட்டுக்குள் விழுந்தது. பிளஜெனாவின் கையில் ஒரு நீளமான அலகும், அதன் முனையில் வால் போல மெலிந்த ஒரு தட்டைத் துண்டும் மட்டும் மிஞ்சின.

எதிரே நின்றிருந்த ராடிம் முகத்தில் தெறித்த சூப்பைத் துடைத்துக்கொண்டான்.

"குமிழ் எங்கம்மா?" என்றான்.

"எந்தக் குமிழ்?"

"பிடியோட கடைசியில கனமா, உருண்டையா ஒண்ணு இருக்கணும்மா. அதுதான் எல்லாத்தையும் கெட்டியாப் பிடிச்சு நிறுத்தறது. அது இல்லேன்னா இது வாள் இல்லை. வெறும் இரும்பு."

பிளஜெனா அந்த வெறும் இரும்பை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வெளியே மார்ச் மாதத்து மழை, மிச்சமிருந்த பனியைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. அவளுடைய கணவர் அலோயிஸ் போன வாரக் கடைசியில் இறந்துபோயிருந்தார். வெள்ளிக்கிழமை அடக்கம்.

வாரநாட்களில் அலோயிஸ் பேருந்து ஓட்டினார். சனி, ஞாயிறுகளில் அவர் பதினான்காம் நூற்றாண்டுக்காரர். ஊருக்கு வெளியே இடிந்து கிடந்த சோகோலி கோட்டையில் கூடாரமடித்து, அந்தக் காலத்து உடையில், அந்தக் காலத்து ஆயுதங்களோடு சண்டை போட்டுக் காட்டும் குழு ஒன்றை ஆரம்பித்தவரே அவர்தான். எல்லாரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். ராடிம் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவன். குழுவில் தலைவருக்கு அடுத்த இடம் அவனுடையது.

தலைவர் போட்ட விதி ஒன்றே ஒன்று. கோட்டை வாசலுக்குள் அந்த நூற்றாண்டைச் சேராத எதுவும் நுழையக் கூடாது. கால்சட்டையில் ஜிப் வைத்திருந்த ஒருவனை மழையில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். கஞ்சிப் பானையில் உருளைக்கிழங்கு போட்ட பெண்ணிடம், அந்தக் கிழங்கு இந்த நாட்டுக்கு வர இன்னும் இருநூறு வருஷம் ஆகும் என்று சொல்லிப் பானையையே கவிழ்த்தார். இதெல்லாம் பிளஜெனா நேரில் பார்த்ததில்லை. அவர் சொல்லிக் கேட்டதுதான். கல்யாணமான புதிதில், ஒரு சனிக்கிழமையாவது வீட்டில் இருக்கக் கூடாதா என்று சிலமுறை கேட்டிருக்கிறாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்த விதிதான் அவரையே கடைசியில் வீட்டில் உட்காரவைத்தது. ஒருநாள் தன் வாளின் குமிழை உற்றுப் பார்த்தவருக்கு அது பேரிக்காய் வடிவத்தில் இருப்பது உறுத்தியிருக்கிறது. பேரிக்காய் அடுத்த நூற்றாண்டுக்கு உரியது. குழு முழுவதையும் நிற்கவைத்து, தன் ஆயுதம் தவறு என்று ஒப்புக்கொண்டு, சரியான குமிழ் கிடைக்கிறவரை தானும் வாசலுக்குள் வரப்போவதில்லை என்று சொல்லி, குமிழை அறுத்து எறிந்துவிட்டு வந்துவிட்டார். குழுவில் அதை இன்றைக்கும் கண்கலங்கிச் சொல்வார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வசந்தம் வந்து போயிற்று. சரியான குமிழ் மட்டும் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை வாளைப் பெட்டி மேல வெக்கணும்மா," என்றான் ராடிம். "அப்புறம் கோட்டை வாசல்ல மாட்டப்போறோம். எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். ஆனா இப்படி வெச்சா அவரே எழுந்து வந்து திட்டுவார்."

அவர் எழுந்து வந்து திட்டினால் தேவலை என்று பிளஜெனா நினைத்தாள். படுக்கையறைக்குப் போய், கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் தகரப்பெட்டியை இழுத்து வந்தாள். அதைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளே முழுக்க இரும்புக் குமிழ்கள்.

எல்லாம் ஹினெக் செய்தவை. பக்கத்துக் கிராமத்துக் கொல்லன். அலோயிஸ் அவனிடம் போவார், சொல்லிவிட்டு வருவார், சில மாதம் கழித்துப் போய் வாங்கிவருவார். ஒவ்வொரு முறையும் அதே கதை. "அந்த மடையன் இந்தத் தடவையும் தப்பாச் செஞ்சுட்டான்," என்று சொல்லிக்கொண்டே அதைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார். வேறு கொல்லனே இல்லையா என்று அவள் கேட்டதற்கு, இருக்கிற கொல்லன் இவன்தான் என்றார். பிளஜெனா அந்த ஹினெக்கைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் உலகத்தில் அவள் மனதார வெறுத்த மனிதன் ஒருவன் உண்டென்றால் அது அவன்தான்.

ராடிம் குமிழ்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். ஒன்று மீன்வால், நூறு வருஷம் பிந்தியது. இன்னொன்று கொட்டை வடிவம்; இருநூறு வருஷம் முந்தியது. ஒன்று வடிவம் சரி, ஆனால் ஏதோ துருக்கி நாட்டுப் பிறை பொறித்திருந்தது. ஒன்றில் எல்லாமே சரி, ஆனால் துளை, வால் உள்ளே ஆடுகிற அளவுக்குப் பெரிய வட்டம், வாலோ தட்டை. வேறொன்றில் துளையே இல்லை, போதாததற்கு முட்டை வடிவம்.

"எது சரியா இருந்தாலும் அதுல ஏதாவது ஒண்ணு தப்பா இருக்கும்மா," என்றான் அவன், கொஞ்சம் பிரமிப்போடு. "இப்படித் தேடிப் பிடிச்சுத் தப்பு பண்றதுக்குத் தனி மூளை வேணும்."

ஹினெக்கையே போன் பண்ணிக் கேட்கலாமா என்று அவன் இழுத்தான். அந்தப் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று பிளஜெனா சொன்னாள். அவள் குரலைக் கேட்டு ராடிம் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

அவளுக்கு வாளைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பியதில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. அலோயிஸ் இறந்தபோது அவள் வீட்டில் இல்லை. தங்கை யார்மிலாவின் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமைதோறும் அங்கே போய்விடுவது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. பல வருஷம் சனி ஞாயிறுகளைத் தனியாகவே கழித்துப் பழகிவிட்டவள் அவள். திடீரென்று ஒரு ஆள் அந்த நாட்களில் வீடு முழுக்க நிறைந்து நின்றால் எப்படி இருக்கும்? மாவு பிசைந்தால் பக்கத்தில் வந்து நிற்பார். என்ன பண்றே என்பார். குளத்துப்பக்கம் நடந்துவிட்டு வரலாமா என்பார். குமிழ் கிடைக்காத ஏக்கத்தில் மனுஷன் இப்படி அலைகிறார் என்று அவளுக்குத் தோன்றும். நீங்க போய் உங்க குமிழைத் தேடுங்க என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஞாயிறு மத்தியானம் திரும்பி வந்தபோது அவர் அடுப்படி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். மடியில் பாதி உரித்த உருளைக்கிழங்கு இருந்தது. ஏக்கத்தோடேயே போய்விட்டார் என்று பிளஜெனா நினைத்தாள். போகிற வழிக்காவது அதைச் சரிசெய்து அனுப்ப வேண்டும்.

மறுநாள் காலையில் அவள் அருங்காட்சியகத்துக்குப் போனாள். அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் டாக்டர் கிலியான். மெலிந்த மனிதர். எந்த வாக்கியத்தையும் முழுசாக நம்பாதவர். ஊர் ஆற்றில் கிடைத்த ஒரு வாள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அலோயிஸின் வாளுடைய அதே காலம். குமிழ் வண்டிச்சக்கரம் போல வட்டமாக, நடுவில் இரண்டு பக்கமும் மேடிட்டு இருந்தது.

"சக்கரம்தான் மேடம். அந்தக் காலத்துக்கு அதுதான் பொருத்தம்," என்றார் கிலியான். "ஆனா உறுதியாச் சொல்ல முடியாது."

"இங்க இருக்கறது சக்கரம்தானே?"

கிலியான் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆற்றில் கிடைத்தபோதே அந்த வாளுக்குக் குமிழ் இல்லையாம். அவருக்கு முன்னால் இருந்தவர், வெறுமையாக இருக்கிறதே என்று சுண்ணாம்புச் சாந்தில் ஒரு சக்கரத்தைச் செய்து, கறுப்பு வர்ணம் பூசி ஒட்டிவைத்தாராம். ஊரில் எல்லாரும் பார்த்துப் பார்த்து, சோகோலிப் பக்கத்து வாள் என்றாலே சக்கரக் குமிழ்தான் என்று ஆகிவிட்டது. இப்போது புத்தகத்திலும் அப்படித்தான் வருகிறது.

பிளஜெனா அழுதாள். வேண்டுமென்று அழவில்லை. ஒரு சுண்ணாம்புச் சக்கரம்கூட ஊரையே நம்பவைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறது, தன் வீட்டு மனிதருக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பெண் அழுவதைப் பார்த்துப் பழக்கமில்லாத கிலியான் திணறிப்போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, குமிழைக் கத்தியால் நெம்பி எடுத்து ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மார்ச் மாதத்தில் யாரும் பார்க்க வர மாட்டார்கள், சனிக்கிழமை திருப்பித் தந்தால் போதும் என்றார்.

அதில் துளை இல்லை. வாளின் வால் நுழைய வேண்டுமே. பக்கத்து வீட்டு ஓட்டோ டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக் கொட்டகையில் இல்லாத இயந்திரம் கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் துளைதானே என்று சொல்லி, குமிழைப் பிடிப்பில் வைத்து முறுக்கி, துளைப்பானை இறக்கினான். தூள் பறந்தது. சக்கரம் சத்தமில்லாமல் நான்காகப் பிளந்தது.

ஓட்டோ ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான்.

"இது இரும்பு இல்லையா?" என்றான் ஓட்டோ.

"இல்லை."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, பிளஜெனா."

இப்போது ஊரில் குமிழ் இல்லாத வாள் இரண்டாகிவிட்டது.

ஓட்டோவுக்குக் குற்ற உணர்ச்சி. தானே ஒன்று செய்துதருவதாகச் சொன்னான். கொட்டகை மூலையில் கிடந்த பழைய டிராக்டரின் பல்சக்கரம் ஒன்றை எடுத்து, பல்லையெல்லாம் சீவி, கடைசல் இயந்திரத்தில் கொடுத்துக் கடைந்தான். பார்ப்பதற்கு நன்றாகவே வந்தது. ஒரு பக்கத்தில் தயாரித்தவர்கள் பொறித்த எண் மட்டும் போகவில்லை. அந்தப் பக்கத்தைக் கீழே பார்த்து வைத்துவிடலாம் என்றான். துளை கொஞ்சம் சின்னதாகிவிட்டதால், அதைப் பெரிதாக்குவதற்குப் பதில் வாளின் வாலை ராவிச் சின்னதாக்கினான். பிறகு நுனியில் பற்றவைத்தான். அந்தச் சூட்டில் மரக் கைப்பிடி புகைய ஆரம்பித்தது. அதைச் சுற்றியிருந்த தோல் சுருண்டு, ரோமம் கருகுகிற நாற்றம் தெருவரை போயிற்று. ஓட்டோ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். மரம் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. கடைசியில் கறுப்பு ஒட்டுநாடாவைச் சுற்றி, அதன்மேல் தன் பழைய பெல்ட்டை வெட்டி இழுத்துக் கட்டினான்.

"வாள் மாதிரிதான் இருக்கு," என்றான், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு.

இன்னும் கொஞ்சம் தூரத்தில் நின்று பார்த்தால் நன்றாக இருக்கும் என்று பிளஜெனாவுக்குப் பட்டது.

அடக்கத்துக்கு முந்தின நாள் ராடிம் குழுவில் முக்கியமானவர்களை அழைத்துக்கொண்டு வந்தான். தாடி வைத்த பெரிய பெரிய ஆண்கள். அடுப்படி கொள்ளவில்லை. மறுநாள் விருந்துக்காக அவள் சுட்டு வைத்திருந்த கசகசா பன்களைத் தின்றுகொண்டே வாளைப் பார்த்தார்கள். கைப்பிடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. குமிழைப் பற்றி எல்லாரும் திறந்தார்கள்.

சக்கரம்தான் சரி என்றது ஒரு கூட்டம். அருங்காட்சியகத்து வாளிலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். பிளஜெனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரிக்காய்தான் சரி, தலைவர் அந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டார், புதிதாக எங்கேயோ ஒரு கல்லறைச் சிற்பத்தில் பேரிக்காய் கிடைத்திருக்கிறது என்றது இன்னொரு கூட்டம். தலைவரே தவறு என்று அறுத்து எறிந்ததை, அவர் பெட்டிக்குள் படுத்திருக்கும்போது சரி என்று சொல்வதற்கு என்ன தைரியம் என்று முதல் கூட்டம் கேட்டது. சிற்பம் செய்தவன் தலைவரைக் கேட்டா செய்தான் என்றது இரண்டாவது கூட்டம். சண்டை முற்றிய நேரத்தில் பன் தீர்ந்துபோயிற்று. பேரிக்காய்க் கூட்டம் அடக்கத்துக்கு வருவோம், ஆனால் சக்கரத்துக்கு முன்னால் மரியாதைக்கு வாளை உயர்த்த மாட்டோம் என்று சொல்லிவிட்டு வெளியேறியது.

ராடிம் வாசலில் தயங்கி நின்றான்.

"அவர் இருந்திருந்தா ஒரு வார்த்தையில முடிச்சிருப்பார்ம்மா," என்றான். "இந்தக் குழுவே இனிமே நிக்குமான்னு தெரியலை."

அவன் போனதும் பிளஜெனா மறுபடி மாவு பிசைய ஆரம்பித்தாள். பக்கத்தில் வந்து நின்று என்ன பண்றே என்று கேட்க யாரும் இல்லை. மாவு கையில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமையும் மழை பெய்தது. தேவாலயத்தில் ஈரக் கம்பளி நாற்றம். இரும்பு வளையச் சட்டைகளும் தலைக்கவசங்களுமாகக் குழு வந்து இரண்டு பக்கமும் நின்றது; ஒரு பக்கம் சக்கரம், ஒரு பக்கம் பேரிக்காய். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டாக்டர் கிலியான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய குமிழ் இவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லையே என்று அவருக்கு ஏதோ சந்தேகம். பிளஜெனா அவர் பக்கம் திரும்பவேயில்லை.

வாள் பெட்டியின் மேல், வெள்ளைப் பூக்களுக்கு நடுவே நீளவாக்கில் கிடந்தது. எண் பொறித்த பக்கம் கீழே. பாதிரியார் அலோயிஸைப் பற்றி நல்ல வார்த்தைகள் சொன்னார். மழையோ வெயிலோ பேருந்தை நேரத்துக்குக் கொண்டுவந்தவர் என்றார். எதிலும் தவறைப் பொறுக்காதவர் என்றார். அது உண்மை என்பதுபோல இரண்டு பக்கத்திலிருந்தும் தலைகள் ஆடின.

பிறகு தூக்குகிறவர்கள் வந்தார்கள். முன்பக்கம் இருந்தவர்கள் கொஞ்சம் உயரம். பெட்டி லேசாகச் சாய்ந்தது. சாதாரணக் குமிழாக இருந்தால் வாள் அசைந்திருக்காது. டிராக்டர் குமிழுக்கோ கனம் அதிகம். வாள் பூக்களை இழுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, பளபளவென்றிருந்த பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு போய்க் கல்தரையில் விழுந்தது. ஓட்டோ ராவி மெலிதாக்கிய இடத்தில் வால் முறிந்தது. பெல்ட் தெறித்தது. குமிழ் மட்டும் தனியாகப் பிரிந்து, நிமிர்ந்து நின்று, தேவாலயத்தின் நடுவழியில் உருள ஆரம்பித்தது.

பழைய தேவாலயம். தரை வாசலை நோக்கிச் சரிவு. கடகடவென்ற அந்தச் சத்தம் வரிசை வரிசையாகக் கடந்து போனது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கனத்த மனிதர் காலை நீட்டி அதை நிறுத்தினார். குனிந்து எடுத்தார். திருப்பி, பொறித்திருந்த எண்ணைப் படித்தார். பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார், பெட்டி போகட்டும் என்பதுபோல.

கல்லறையில் யாரும் வாளை உயர்த்தவில்லை. எந்தக் கூட்டம் உயர்த்த வேண்டும் என்பதே குழம்பிப்போயிருந்தது. ராடிம் முறிந்த துண்டுகளைத் தன் மேலங்கியில் சுற்றிக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றான். மண் விழுகிற சத்தம் கேட்டபோது பிளஜெனாவுக்கு அழுகைகூட வரவில்லை. அவருக்காக அவள் செய்ய நினைத்தது ஒரே ஒரு காரியம். அதையும் இப்படிச் செய்தாகிவிட்டது.

விருந்து கடைவீதி மதுக்கூடத்தில். குலாஷ் இறைச்சிக் குழம்பும் மாவு உருண்டையும், பெரியவர்களுக்குப் பிளம் சாராயமும். தங்கை யார்மிலா அவளை ஓரமாக உட்காரவைத்து, எதையாவது சாப்பிடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூலையில் ஓட்டோ, டாக்டர் கிலியானிடம் மாட்டிக்கொண்டிருந்தான். அவர் தன் குமிழைப் பற்றிக் கேட்கக் கேட்க, அவன் பதிலுக்கு அவர் கிண்ணத்தில் சாராயத்தை ஊற்றிக்கொண்டே இருந்தான்.

அப்போது அந்தக் கனத்த மனிதர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பிளஜெனாவின் மேஜைக்கு வந்தார். கைகள் பெரியவை. நகக்கண்களில் கரி.

"நான் ஹினெக்கும்மா," என்றார். "கொல்லன்."

பிளஜெனா தட்டை நகர்த்தி வைத்தாள். எத்தனையோ வருஷமாக அந்த ஆளிடம் சொல்ல வேண்டும் என்று அவள் சேர்த்துவைத்திருந்தது நிறைய. இப்போது பார்த்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஹினெக் உட்காரவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டு டிராக்டர் குமிழை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு மறு பைக்குள் கையை விட்டு, ஒரு துணியில் சுற்றிய இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். துணியைப் பிரித்தார். இரும்புச் சக்கரம். நடுவில் இரண்டு பக்கமும் மேடு. விளிம்பு மழுங்கச் சரிந்திருந்தது. இத்தனை நாள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது பார்த்தாலே தெரிந்தது.

ராடிம் எழுந்து வந்தான். பேரிக்காய்க் கூட்டத்திலிருந்தும் ஒருவர் வந்தார். ராடிம் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தான். துளைக்குள் விரலை விட்டான், தட்டை. வெளிச்சத்தில் திருப்பினான். பேரிக்காய்க்காரரிடம் நீட்டினான். அவர் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"இதுதான்மா," என்றான் ராடிம். "இதுல ஒரு குறைகூட இல்லை."

"இது எப்ப செஞ்சது?" என்று கேட்டாள் பிளஜெனா.

ஹினெக் தொப்பியைத் திருகினார். "முதமுதல்ல செஞ்சதே இதுதாம்மா. அவர் பேரிக்காயை அறுத்துப் போட்ட அந்த மாசமே."

பிளஜெனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மதுக்கூடத்தில் பேச்சு அடங்கியது.

"இதைச் செஞ்சு உன் கையிலயே வெச்சுக்கிட்டு, அந்த மனுஷனுக்கு நீ தப்புத் தப்பா ஒண்ணொண்ணாக் குடுத்து அனுப்பினியா?" என்றாள். "அவர் கோட்டைக்குப் போக முடியாம, சனிக்கிழமை ஆனா வீட்டுக்குள்ளேயே சுத்திச் சுத்தி வந்தார். எம் முன்னாடி வந்து நிப்பார். அந்த முகத்தைப் பாக்க முடியாமத்தான் நான் எந்தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். உனக்கு அவர் என்னய்யா பாவம் பண்ணினார்?"

ஹினெக் யார்மிலாவைப் பார்த்தார். ராடிமைப் பார்த்தார். கடைசியில் பிளஜெனாவைப் பார்க்காமல், மேஜைமேல் இருந்த அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இதை அவர்தாம்மா திருப்பிக் குடுத்துட்டு, 'ஹினெக்கு, எப்பக் கேட்டாலும் எனக்குத் தப்பாவே ஒண்ணு செஞ்சு குடு, சரியா இருந்துட்டா சனிக்கிழமை பிளஜெனாவ விட்டுட்டுக் கிளம்பணும்'னு சொன்னார்."